தேனீக்களின் வாழிடத்தை வானிலிருந்து அளத்தல்: பயனும் எல்லையும்

உலகின் பிரதான உணவுப் பயிர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை ஓரளவேனும் விலங்குகளால் நிகழும் மகரந்தச் சேர்க்கையில் தங்கியிருக்கின்றன. அவ்விலங்குகளுள் ஆகப் பெரும்பாலானவை பூச்சிகள். உயிர்ப்பல்வகைமை தொடர்பாக அரசுகள் கூட்டாக அமைத்த விஞ்ஞான மன்றம் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு, இச்சேவையுடன் நேரடியாகத் தொடர்புடைய விளைச்சலின் ஆண்டுப் பெறுமதியை 235 பில்லியன் முதல் 577 பில்லியன் அமெரிக்க டொலர் வரை எனக் கணித்தது. கூலி கேளாத இந்தத் தொழிலாளர் படையே நமது உணவுத் தட்டின் பழங்களுக்கும் காய்களுக்கும் பருப்புகளுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் பெருமளவில் பொறுப்பாக இருந்து வருகின்றது.

அப்படை தேய்ந்து வருகின்றது. ஜேர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில், 27 ஆண்டுக் காலப்பகுதியில், பொறிகளில் சிக்கிய பறக்கும் பூச்சிகளை நிறுத்துப் பதிவு செய்த தரவுகள் 2017 இல் ஆராயப்பட்டு வெளியிடப்பட்டபோது, அவற்றின் மொத்த நிறை முக்கால் பங்குக்கு மேல் வீழ்ச்சியடைந்திருந்தமை தெரியவந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலேயே நிலைமை இதுவாயின் ஏனைய இடங்களின் நிலை எவ்வாறிருக்கும் என்ற கேள்வி அப்போது பலரையும் உலுக்கியது.

இவ்வீழ்ச்சியைத் தடுக்க வேண்டுமாயின் முதலில் எதனை அளப்பது என்ற வினா எழுகின்றது. யானைகளை எண்ணுவது போலப் பூச்சிகளை எண்ணிவிட முடியாது. வெயில் ஏறினால் அவை பெருகித் தோன்றும். காற்று வீசினால் மறைந்துவிடும். ஓராண்டு நிறைந்திருந்த இனம் அடுத்த ஆண்டு அருகிப் போகும். ஆகவே பூச்சியை மாத்திரமன்றி, அது வாழும் இடம் அதற்கு ஏற்ற நிலையில் இருக்கின்றதா என்பதையும் அளந்து பார்ப்பது அவசியமாகின்றது. இதனையே வாழிட நிலைமை மதிப்பீடு என்கின்றனர். அம்மதிப்பீட்டுக்கு ஆளில்லாச் சிறு விமானங்களைப் பயன்படுத்தும் முறை அண்மைக் காலத்தில் வேகமாகப் பரவி வருகின்றது. ட்ரோன் என்று பரவலாக அறியப்படும் இவ்விமானம் இப்பணியில் எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதை விளக்குவதே நமது நோக்கமாகும்.

மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிக்கு நல்ல வாழிடம் என்பது மூன்று தேவைகள் ஒருங்கே நிறைவேறும் இடமாகும். முதலாவது உணவு. ஒரு மாதம் மட்டும் பூத்துக் குலுங்கும் நிலம் போதாது. தேனீ விழித்தெழும் காலம் தொடக்கம் அதன் பருவம் முடியும் காலம் வரை ஏதேனுமொரு பூ இருந்து கொண்டேயிருத்தல் வேண்டும். இரண்டாவது கூடு. கூட்டமாக வாழ்ந்து தேனடை கட்டும் இனங்கள் மிகச் சிலவே. உலகில் அறியப்பட்ட ஏறத்தாழ 20,000 தேனீ இனங்களுள் மிகப் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. அவற்றுள் பெரும்பகுதி வெயில் படும் வெறும் மண்ணில் துளையிட்டு முட்டையிடுகின்றன. மூன்றாவது, உணவுக்கும் கூட்டுக்கும் இடையிலான தூரம். சிறு தனித்தேனீ சில நூறு மீற்றருக்கு அப்பால் செல்வது அரிது. பூ ஓரிடத்திலும் கூடு கட்டத்தக்க மண் வெகு தொலைவிலும் இருக்குமாயின் இரண்டும் அதற்கு இல்லாதவையே.

இம்மூன்றும் எவ்வாறு ஒருங்கே இழக்கப்படலாம் என்பதற்கும், அவற்றை மீட்க எத்தகைய அளவீடு வேண்டும் என்பதற்கும் பிரித்தானியா தக்க உதாரணமாகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தாழ்நிலங்களில் இருந்த பூ நிறைந்த பழைய புல்வெளிகளுள் 97 வீதமானவை 1930 களுக்கும் 1984 க்கும் இடையில் இல்லாதொழிந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவு உற்பத்திக்காக அவை உழப்பட்டன. போருக்குப் பின்னர் செயற்கை உரமிட்டு, ரைப்புல் விதைத்து, கால்நடைத் தீவனத்துக்காக ஆண்டுக்குப் பலமுறை வெட்டும் முறை வந்தது. நைதரசன் மிகுந்த மண்ணில் புல் உயர்ந்தோங்க, பூக்கும் சிறு செடிகள் நிழலில் மடிந்தன. நிலம் முன்னரிலும் பசுமையாகியது. தேனீக்கோ அது பாலைவனமாகியது.

அவ்வாறு மறைந்தவற்றுள் ஒன்று குட்டைமயிர் பம்பிள் தேனீ. பெருத்த உடலும் மயிர்ப்போர்வையும் கொண்ட பம்பிள் தேனீ வகையைச் சேர்ந்த இவ்வினம், இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள டன்ஜினஸ் பகுதியில் 1988 இல் கடைசியாகக் காணப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் அந்நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. செங்குளோவர்ப் பயிரின் மகரந்தச் சேர்க்கைக்காக 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே தேனீ இங்கிலாந்திலிருந்து நியூஸிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டிருந்தது. அந்த வழித்தோன்றல்களை மீளக் கொண்டுவரும் முயற்சி பலிக்காமற் போகவே, 2012 முதல் சுவீடனிலிருந்து இராணித் தேனீக்கள் கொணரப்பட்டு டன்ஜினஸில் விடப்பட்டன. அவை அங்கு நிலைபெறவில்லை. எனினும் அத்திட்டத்துக்காக அயலிலுள்ள விவசாயிகள் தமது வயலோரங்களிலும் புல்வெளிகளிலும் பூஞ்செடிகளை வளர்த்தமையால், அரிதாகிப் போயிருந்த வேறு பம்பிள் தேனீ இனங்கள் அப்பகுதிக்குத் திரும்பின. பூச்சியைக் கொண்டு வருவது கடினம். இடத்தைச் சீராக்கினால் வரக்கூடியவை தாமே வரும் என்பது இதன் படிப்பினை.

இடம் சீராக இருக்கின்றதா என்பதை யார், எவ்வாறு தீர்மானிப்பது? இங்கிலாந்தில் இவ்வினா இன்று விஞ்ஞானிகளின் விவாதத்துடன் நின்றுவிடவில்லை. 2024 பெப்ரவரி 12 முதல் அங்கு பெரிய கட்டட அபிவிருத்திகளுக்கும், அதே ஆண்டு ஏப்ரல் 2 முதல் சிறிய அபிவிருத்திகளுக்கும் புதிய கட்டாய விதி நடைமுறைக்கு வந்தது. சில விதிவிலக்குகள் தவிர, நிலத்தை அபிவிருத்தி செய்பவர் அங்கிருந்த இயற்கைப் பெறுமதியைக் கணித்து, அதனிலும் குறைந்தது 10 வீதம் கூடுதலான பெறுமதியை அவ்விடத்திலோ பிறிதோரிடத்திலோ உருவாக்கி, 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். அக்கணிப்பில் நிலத்தின் பரப்பும் வகையும் மட்டுமன்றி, அதன் நிலைமை நன்று, நடுத்தரம், மோசம் என்னும் மூன்றில் எது என்பதும் பெருக்கற் காரணியாகச் சேர்கின்றது. ஒரு புல்வெளி மோசம் எனப் பதியப்பட்டால் அதனை அழிப்பதற்கு ஈடு குறைவு. நன்று எனப் பதியப்பட்டால் ஈடு அதிகம். ஆகவே வாழிட நிலைமை என்பது பணப் பெறுமதியுள்ள சொல்லாகிவிட்டது.

புல்வெளியொன்றின் நிலைமையை மதிப்பிட விதிக்கப்பட்டுள்ள அளவுகோல்களை நோக்கினால் விடயம் தெளிவாகும். புல்லின் உயரம் ஒரே சீராக இராமல், குறைந்தது ஐந்திலொரு பகுதி 7 சென்ரிமீற்றருக்குக் குறைவாகவும் குறைந்தது ஐந்திலொரு பகுதி அதற்கு மேலாகவும் இருத்தல் வேண்டும். வெறும் மண் 1 வீதத்திற்கும் 5 வீதத்திற்கும் இடையில் இருத்தல் வேண்டும். புதர் 5 வீதத்தை விஞ்சலாகாது. வேண்டாத செடிகளும் நிலத்துக்கு நேர்ந்த சேதமும் ஓர் எல்லையைத் தாண்டலாகாது. இவற்றுடன், ஒரு சதுர மீற்றரில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தாவர இனங்கள் இருத்தல் வேண்டும். அமில மண் புல்வெளிகள் தவிர்ந்த ஏனையவற்றுக்கு, இந்தக் கடைசி நிபந்தனை நிறைவேறாவிடின் நன்று என்ற தரம் கிட்டாது.

இவற்றை அளப்பதற்கு வழக்கமான முறை, தாவரங்களை இனங்காணத் தெரிந்த ஒருவர் நிலத்தில் நடந்து, ஒரு மீற்றர்ச் சதுரச் சட்டத்தை ஆங்காங்கே இட்டு, அதனுள் இருப்பவற்றைக் குனிந்து எண்ணிப் பதிவதாகும். நம்பகமான முறைதான், ஆனால் மெதுவானது. பெரிய நிலத்தில் சில சட்டங்களுக்குள் கண்டதைக் கொண்டே முழு நிலத்தையும் பற்றித் தீர்ப்புக் கூற வேண்டியிருக்கும். புதர் மூன்று வீதமா ஏழு வீதமா என்பதைத் தரையில் நின்று கண்ணளவால் சொல்வது எவருக்கும் எளிதன்று. இருவர் ஒரே நிலத்தைப் பார்த்து இரு வேறு எண்களைப் பதிவதும் உண்டு. இந்த இடைவெளியை நிரப்பவே ட்ரோன் வந்து சேர்ந்தது.

ட்ரோன் என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் ஆண் தேனீ என்பதாகும். 1935 இல் பிரித்தானியப் படையினர் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகப் பறக்கவிட்ட, வானொலி அலையால் இயக்கப்பட்ட விமானத்திற்கு இராணித் தேனீ என்று பெயரிட்டிருந்தனர். அதனையொட்டியே ஆளில்லா விமானங்களுக்கு ஆண் தேனீயின் பெயர் வழங்கலாயிற்று என்பர். போர்க் காலத்தில் வன்னி மக்களும் தமது தலைக்கு மேல் இரைந்து வட்டமிட்ட வேவு விமானத்தை வண்டு என்றே அழைத்தனர். அந்த இரைச்சலைக் கேட்டுப் பதுங்குகுழி தேடியவர்களுக்கு, அதே வகைப் பொறி இன்று உண்மையான வண்டுகளைக் காப்பதற்குப் பறக்கின்றது என்பது வியப்பாகவே இருக்கும். கருவி ஒன்றுதான், அதனை ஏவுபவரின் நோக்கமே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றது.

இது இயங்கும் விதம் சிக்கலானதன்று. அளக்க வேண்டிய நிலத்தின் எல்லையைக் கணினியில் குறித்தால், விமானம் உழவுச்சால் போல நேர்கோடுகளில் முன்னும் பின்னுமாகப் பறந்து, கீழ்நோக்கிய கமராவினால் படங்களை எடுத்துக்கொண்டே செல்கின்றது. ஒவ்வொரு படமும் அடுத்த படத்துடன் பொதுவாக 70 முதல் 80 வீதம் வரை மேற்படியும். பின்னர் மென்பொருள் அவற்றை இணைத்து, முழு நிலத்துக்கும் அளவு பிசகாத ஒரே படத்தை ஆக்கித் தருகின்றது. ஒரே புள்ளி பல கோணங்களிலிருந்து பதிவாவதால், நமது இரு கண்களும் ஆழத்தை உணர்வது போல, மென்பொருள் ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் கணித்துவிடுகின்றது. நிலப்படமும் உயரப்படமும் ஒரே பறப்பில் கிடைக்கின்றன.

செய்மதிகள் ஏற்கெனவே புவியைப் படம்பிடித்து வருகையில் ட்ரோன் எதற்கு என்று வினவலாம். ஐரோப்பாவின் சென்டினல் 2 செய்மதிகள் 2015 முதல் இலவசமாக வழங்கும் படங்களில் மிக நுண்ணிய புள்ளியொன்று தரையில் 10 மீற்றர் நீள அகலம் கொண்டது. ஒரு சிறு வீட்டுத் தோட்டம் அதில் ஒரு சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும், பூ தெரியாது. சாதாரண 20 மெகாபிக்சல் கமரா பொருத்திய ட்ரோன் 100 மீற்றர் உயரத்திலிருந்து எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி சுமார் 3 சென்ரிமீற்றருக்குச் சமம். 30 மீற்றருக்கு இறங்கினால் அது ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. முன்னதில் புதரையும் வெறும் மண்ணையும் பிரித்தறியலாம். பின்னதில் பூங்கொத்துகளையே காணலாம். ஆனால் தாழப் பறந்தால் ஒரு பறப்பில் அடங்கும் பரப்பும் சுருங்கும். எத்தகைய தகவல் வேண்டும் என்பதைத் தீர்மானித்த பின்னரே உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

மேற்கூறிய அளவுகோல்களில் சிலவற்றை ட்ரோன் மனிதரிலும் திறமாக அளக்கின்றது. புதர் பரவியுள்ள பரப்பைச் சதுர மீற்றர்க் கணக்கில் தருகின்றது. வெறும் மண் எத்தனை வீதம் என்பதுடன், அது தெற்கு நோக்கிய சரிவில் இருக்கின்றதா, மர நிழலில் இருக்கின்றதா என்பதையும் காட்டுகின்றது. குளிர் நாடுகளில் மண்ணில் கூடு கட்டும் தேனீக்கு வெயில் விழும் சரிவே உகந்தது. வேலிப் புதர்கள் எங்கெங்கே அறுந்துள்ளன, ஒரு பூந்திட்டுக்கும் மறு பூந்திட்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பனவற்றையும் ஒரே பார்வையில் தருகின்றது. தரையில் நடப்பவர் ஒரு நாள் முழுவதும் அலைந்தும் பெறவியலாத காட்சி இது. மேலும், அதே பாதையில் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பறக்கவிட்டு மாற்றத்தை ஒப்பிடலாம். முப்பது ஆண்டுகள் பராமரிப்பதாக வாக்களிக்கப்பட்ட நிலத்துக்கு இது சிறிய உதவியன்று.

பூக்களைப் பொறுத்தவரையிலும் முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. நெதர்லாந்தின் புல்வெளிகளில் நடத்தப்பட்டு 2023 இல் வெளியான ஆய்வொன்றில், ட்ரோன் படங்களிலிருந்து கணிக்கப்பட்ட பூப்பரப்புக்கும் அந்நிலங்களில் காணப்பட்ட தேனீக்களின் எண்ணிக்கைக்கும் இன வகைமைக்கும் இடையே தொடர்பு காணப்பட்டது. பூ அதிகமாயின் தேனீ அதிகம் என்பது எவரும் அறிந்ததே. அப்பூவை வானிலிருந்து எண்ணி அத்தொடர்பைக் காணலாம் என்பதே இங்கு புதிது. இத்தகைய கணிப்புகளில், மாதிரிப் படங்களில் பூக்களை மனிதர் அடையாளமிட்டுக் கொடுக்க, கணினி அதனைப் பயின்று ஏனைய படங்களில் தானே தேடுகின்றது.

இவ்வளவும் நற்செய்திகளே. ஆனால் கருவியின் எல்லையை அறியாது அதனை நம்புவதில் ஆபத்து இருக்கின்றது.

முதலாவது ஆபத்து பசுமையைப் பற்றிய மயக்கம். பல ட்ரோன்களில் அகச்சிவப்புக்கு அண்மிய ஒளியைப் பதியும் கமராவும் பொருத்தப்படுகின்றது. உயிர்ப்புள்ள இலை சிவப்பொளியை உறிஞ்சி அந்த அகச்சிவப்பைத் திருப்பியனுப்புவதால், இரண்டையும் ஒப்பிட்டுத் தாவரச் செழுமைச் சுட்டியொன்றைக் கணிக்கலாம். பயிர்ச்செய்கைக்கு இது அரிய கருவி. ஆனால் தேனீயின் வாழிடத்தை இச்சுட்டியால் மாத்திரம் அளந்தால் விடை தலைகீழாகிவிடும். உரமூட்டிய ரைப்புல் வயலே மிக உயர்ந்த எண்ணைப் பெறும். அங்கே தேனீக்கு உணவு இல்லை. பூ நிறைந்த பழைய புல்வெளியோ மெலிந்த மண்ணில் வளர்வதால் குறைந்த எண்ணைப் பெறக்கூடும். இத்தகைய புல்வெளிகளை மீட்பவர்கள், புல்லின் வேரில் ஒட்டிச் சாறுண்டு அதனைத் தளர்த்தும் மஞ்சட் பூச்செடியொன்றை வேண்டுமென்றே விதைப்பதுண்டு. புல் தளர்ந்த இடத்தில் பிற பூஞ்செடிகள் தலையெடுக்கும். செழுமைச் சுட்டி அங்கே வீழ்ச்சியைக் காட்டும். உண்மையில் நிகழ்வதோ மீட்சி.

இரண்டாவது, வானிலிருந்து பார்ப்பவருக்கு மேற்பரப்பு மட்டுமே தெரியும். உயர்ந்த புல்லுக்கு அடியில் பூக்கும் சிறு பூ படத்தில் வராது. மஞ்சட் பூ பச்சையின் நடுவே எளிதில் அகப்படும். மங்கிய நிறமுள்ள நுண்பூ தப்பிவிடும். வெண்பூ கடும் வெயிலில் ஒளிக்கூச்சத்தால் கலங்கித் தோன்றும். தேனீயின் கண் நமது கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளியைக் காண்பது. வழக்கமான கமரா அதனைப் பதிவதில்லை. எந்தப் பூவில் தேன் உண்டு, எதில் இல்லை என்பதையும் படம் சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சதுர மீற்றரில் பத்து இனங்கள் உள்ளனவா என்ற நிபந்தனையை இப்படங்களைக் கொண்டு உறுதிப்படுத்த முடியாது. ஒன்றோடொன்று பின்னி வளரும், பூவில்லாத சிறு செடிகளை இலையை விரலால் விலக்கிப் பார்த்தே இனங்காண வேண்டும். நன்று என்ற தரத்துக்கான திறவுகோல் இன்னமும் தரையிலேயே இருக்கின்றது.

மூன்றாவது காலம். பறப்பு என்பது ஒரு நாளின் ஒரு வேளை. பிரித்தானியாவில் வசந்தத்தின் தொடக்கத்தில் விழித்தெழும் இராணித் தேனீக்கு வில்லோ மரத்தின் பூ உயிர்நாடி. வசந்தப் பூக்கள் ஓய்ந்து கோடைப் பூக்கள் தொடங்குமுன் வரும் ஜூன் மாதப் பஞ்சத்தைத் தேனீ வளர்ப்போர் நன்கறிவர். கோடை நடுவே ஒருமுறை பறந்து எடுத்த படம் பூமயமாக இருந்தாலும், அதற்கு முன்னர் தேனீ பட்டினி கிடந்ததா என்பதை அது கூறாது. ஆகையால் பருவத்தில் குறைந்தது மூன்று நான்கு முறையேனும் பறந்தாலன்றி உணவு நிலைமையைப் பற்றி உறுதியாகப் பேசுவதற்கில்லை. பூச்சிகொல்லியோ எந்தப் படத்திலும் தெரியாது.

இவ்வெல்லைகளை உணர்த்தத் தேம்ஸ் நதி முகத்துவாரத்திலுள்ள கன்வி விக் என்னும் இடம் ஒன்றே போதுமானது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்காக 1970 களின் தொடக்கத்தில் தயார் செய்யப்பட்டு, ஆலை இயங்காமலேயே கைவிடப்பட்ட நிலம் அது. நதியிலிருந்து தோண்டிக் கொட்டிய மணல், உடைந்த தார்த்தளம், ஆங்காங்கே வெறும் தரை, இடையிடையே பற்றைகள் என்பனவே அங்கு காணக்கிடைத்தவை. மேலிருந்து பார்ப்பவர் அதனைக் கைவிடப்பட்ட தரிசு என்றே எழுதுவார். ஆனால் பூச்சியியலாளர்கள் அங்கே இறங்கித் தேடியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட முதுகெலும்பிலி இனங்களைக் கண்டனர். பிரித்தானியாவின் மிக அரிதான பம்பிள் தேனீக்களுள் ஒன்று அவற்றில் அடங்கும். வெறும் மணல் கூட்டுக்கு உதவியது. உரமேறாத மண்ணில் பூக்கள் நீண்ட காலம் பூத்தன. 2005 இல் அந்நிலம் விஞ்ஞான முக்கியத்துவமுள்ள இடமாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. தரிசு என்பது நமது சொல். தேனீயின் அகராதியில் அச்சொல்லுக்கு வேறு பொருள்.

அத்தரிசைக் காத்தது படமன்று. முழங்காலிட்டுத் தேடிய மனிதரே. எனினும் எதனைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்ட பின்னர், அதே போன்ற மணற் திட்டுகளும் பூந்திட்டுகளும் வேறெங்கு ஒருங்கே இருக்கின்றன என்பதைக் கண்டறிய ட்ரோனைப் போல விரைவான துணை வேறில்லை. இதிலேயே சரியான ஒழுங்கு அடங்கியிருக்கின்றது. முதலில் பூச்சியின் தேவையை அறிந்தவர் அளவுகோலை வகுக்க வேண்டும். பின்னர் விமானம் பறந்து பரப்பை அளக்க வேண்டும். அதன் பின்னர் மனிதர் சென்று, படம் சொல்வது மெய்தானா என்று தரையில் சோதிக்க வேண்டும். ஒழுங்கு மாறி, விமானத்தால் அளக்கக்கூடியவற்றையே அளவுகோலாக்கினால், அளக்க முடியாதவை மெல்ல மெல்லக் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

தரைச் சோதனைக்குப் பெரும் செலவு தேவையில்லை என்பதற்கும் பிரித்தானியாவே சான்று தருகின்றது. அங்கு 2017 இல் தொடங்கிய மகரந்தச் சேர்க்கைப் பூச்சிக் கண்காணிப்புத் திட்டத்தில், பொதுமக்களும் ஓர் எளிய கணக்கெடுப்பில் பங்கேற்கின்றனர். பூக்கள் உள்ள அரை மீற்றர்ச் சதுரத்தைத் தெரிந்து, பத்து நிமிடம் அசையாது நின்று, அங்கு வந்தமரும் பூச்சிகளை வகை வகையாக எண்ணுவதே அது. ஓய்வுபெற்றவரும் மாணவரும் செய்யத்தக்க வேலை. வானிலிருந்து பூவின் பரப்பும், தரையிலிருந்து பூவுக்கு வந்த பூச்சியின் எண்ணிக்கையும் ஒன்று சேரும்போதுதான், வீடு இருக்கின்றது என்பதுடன் அதில் குடியிருப்போரும் இருக்கின்றனர் என்று உறுதி கூற முடியும்.

இது ஏன் முக்கியம்? காகிதத்தில் வாக்களிக்கப்பட்ட இயற்கைக்கும் மண்ணில் காணப்படும் இயற்கைக்கும் இடையே பெரும் இடைவெளி இருப்பதனாலாகும். ஷெபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் 42 புதிய வீடமைப்புத் திட்டங்களுக்கு நேரில் சென்று, அனுமதி பெறும்போது வாக்களிக்கப்பட்ட சூழலியல் அம்சங்கள் உள்ளனவா என்று பார்த்தனர். அவற்றுள் 53 வீதம் மாத்திரமே அங்கு இருந்தன என்பது 2024 இல் வெளியான அவர்களது முடிவு. நடுவதாகக் கூறப்பட்ட மரங்களில் பத்தில் நான்கு ஒன்றில் இல்லை, அல்லது பட்டுப் போயிருந்தன. புதிய கட்டாய விதிக்கு முன்னர் அனுமதி பெற்ற திட்டங்கள் அவை என்பது உண்மையே. ஆயினும் விதி எதுவாயினும் பின்னர் சென்று பார்ப்பவர் இல்லாவிடின் வாக்குறுதி வெறும் எழுத்தே என்பதை இது உணர்த்துகின்றது. ஆண்டுக்கொருமுறை பறக்கும் ஒரு சிறு விமானம், பூவெளி இருக்க வேண்டிய இடத்தில் வாகனத் தரிப்பிடம் இருக்கின்றதா என்பதையாவது தவறாது சொல்லிவிடும்.

கருவியால் வரும் தீங்கையும் மறத்தலாகாது. புல்வெளியில் தரையில் கூடு கட்டும் பறவைகள் தாழப் பறக்கும் இயந்திரத்தைக் கண்டு முட்டையை விட்டெழுந்து ஓடக்கூடும். பூச்சியைக் காக்கப் போய்ப் பறவையைக் கலைப்பது அறிவுடைமையாகாது. அயலவரின் முற்றமும் கமராவில் விழும். பிரித்தானியாவில் சாதாரண பறப்புகள் 120 மீற்றர் உயரத்துக்கு உட்பட்டதாகவும், இயக்குபவரின் கண்ணுக்கு எட்டியதாகவும் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. ஆயினும் சட்டத்தின் அனுமதி மட்டும் போதாது. தமது நிலத்தின் மேல் எதற்காகப் பறக்கின்றது, படம் யார் கைக்குச் செல்கின்றது என்பதை விவசாயி அறிந்திருக்க வேண்டும். டன்ஜினஸில் அரிய தேனீக்கள் திரும்பியது விவசாயிகள் பங்காளிகளாக இருந்தமையாலேயன்றி, கண்காணிக்கப்பட்டமையால் அன்று.

இவையனைத்தும் தொலைதேசத்துச் செய்திகளாயினும் இவற்றிலிருந்து பெறப்படும் விதி எங்கும் பொருந்துவது. நமது நாட்டிலும் கொட்டாத சிறு தேனீ சுவர் இடுக்கிலும் மரப்பொந்திலும் குடியிருக்கின்றது. வானிலிருந்து பறந்து பார்ப்பவருக்கு அந்த இடுக்கு தெரியப்போவதில்லை. அவ்வீட்டில் வாழ்பவருக்கே தெரியும். நாளை இங்கும் நிலத்தின் இயற்கைப் பெறுமதியை வானிலிருந்து கணிக்கும் திட்டங்கள் வருமாயின், பச்சையாகத் தெரிவதெல்லாம் நல்லது, வெறுமையாகத் தெரிவதெல்லாம் வீண் என்ற கணக்கை ஏற்பதற்கு முன்னர், அந்நிலத்தை அறிந்தவரின் சொல்லைக் கேட்க வேண்டும்.

உயர நின்று பார்ப்பவருக்குப் பரப்புத் தெரியும். குனிந்து பார்ப்பவருக்கே உயிர் தெரியும். இரண்டு பார்வையும் வேண்டும். ஆனால் இரண்டும் முரண்படும் வேளையில், தீர்ப்பைத் தரையில் நிற்பவரிடம் விடுவதே தேனீக்கும் நமக்கும் நன்மை பயக்கும்.